கிசுகிசுவும் சத்திய அணுவிரதமும்

சத்திய அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று ரகோப்யாக்யானம். பிறர் மறைவில் செய்ததை வெளியிடுதல். செய்தி மெய்யாயினும் குற்றமே. ‘பொய் சொல்லவில்லையே’ என்னும் சமாதானம் இங்குச் செல்லாது.

சென்னையில் லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்துநேசன்’ இதழ்களில் திரைக்கலைஞர்தம் அந்தரங்கங்களை எழுதி வந்தார். 1944 நவம்பரில் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் மேல்முறையீட்டிற்குப் பின் 1947இல் விடுதலையாயினர். பாகவதரின் பிற்காலப் படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. அவ்விதழ்களை வளர்த்தவர்களோ காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள், அவர்கள்மீது வழக்கேதுமில்லை.

பிற்காலக் கிசுகிசுவில் பெயர் இராது. ‘மூன்றெழுத்து நடிகை’ என்றிருக்கும். பெயரை நிரப்புவோர் நாமே. (குறுக்கெழுத்துப் போட்டிக்கும் இத்துணை ஆர்வம் காட்டியதில்லை!) எழுதியவர் பாதி மறைத்ததை, உணவு வேளையில் பிள்ளைகள் முன்னிலையில் முழுதும் வெளியிடுகிறோம்.