ஜெர்மன் ஆலையில் இன்டர்ன்ஷிப்: எந்த ஒப்பந்தம், எந்த ஊர், எப்போது?

ஸ்டுட்கார்ட்டிலோ ஆக்கனிலோ கெம்னிட்ஸிலோ மாஸ்டர்ஸ் படிக்கும் ஒரு தமிழ் மாணவர், இரண்டாவது செமஸ்டர் முடிகிற நேரத்தில் பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களைப் புரட்டத் தொடங்குகிறார். ஆலை ஒன்றுதான், துறையும் ஒன்றுதான். ஆனால் மாணவர்களுக்கான இடம் நான்கு விதமாக அறிவிக்கப்பட்டிருக்கும். கட்டாய இன்டர்ன்ஷிப், விருப்ப இன்டர்ன்ஷிப், வெர்க்ஷ்டுடென்ட் என்ற பகுதிநேர வேலை, கம்பெனியிலேயே செய்யும் தீசிஸ். பலரும் எது கிடைக்கிறதோ அதற்கு விண்ணப்பித்துவிட்டு, ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் இந்த நான்கும் சம்பளத்திலும் காப்பீட்டிலும் விசா நாட்களிலும் வெவ்வேறானவை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இது சிலருடைய பிரச்சினை இல்லை. 2022-23 கல்வியாண்டில் சீன மாணவர்களை முந்திய இந்தியர்கள், ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரிய வெளிநாட்டு மாணவர் தொகுதியாக இருக்கிறார்கள். 2023-24 குளிர்கால செமஸ்டரில் அவர்கள் சுமார் 49,000 பேர்; பாதிக்கு மேற்பட்டோர் படிப்பது பொறியியல். மாணவர் விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட்டுவிட்டு வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். ஒரு செமஸ்டர் வீணானால் அந்தச் சுமை ஊரில் இருக்கும் பெற்றோர் தலையில்தான் விழும்.

எனவே முதல் வேலை விண்ணப்பம் போடுவதல்ல, சேர்ந்த படிப்பின் விதித்தொகுப்பைப் படிப்பது. அதில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று இருக்கிறதா, எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்த செமஸ்டரில் என்று பார்க்க வேண்டும். ஹோக்‌ஷூலே எனப்படும் பயன்முறைப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் ஒரு செமஸ்டர் முழுக்க ஆலைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்படுவது வழக்கம். ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் படிப்புகளில் அப்படிப் பொதுவிதி இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு படிப்புகளில்கூட ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது.

விதியில் இருந்தால் அது பெரிய வசதி. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்பதால் கம்பெனிகள் அத்தகைய மாணவர்களை எடுக்கத் தயங்குவதில்லை. பல விளம்பரங்கள் பல்கலைக்கழகச் சான்றிதழ் இருந்தால் மட்டுமே விண்ணப்பிக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் பெரிய கம்பெனிகள் மாத உதவித்தொகை தருகின்றன. படிப்பின் நடுவில் செய்யும் கட்டாயப் பயிற்சியில் சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் கிடையாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வெளிநாட்டு மாணவருக்கு அனுமதிக்கப்பட்ட வேலைநாள் கணக்கில் இது சேராது. சட்டப்படி விடுப்பு உரிமை இல்லை என்பது ஒரு குறை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால்தான் விடுப்பு உண்டு.

விருப்ப இன்டர்ன்ஷிப்பில்தான் கணக்கு சிக்கலாகிறது. மூன்று மாதம் வரை, படிப்போடு சேர்ந்த பயிற்சியாக இருந்தால், குறைந்தபட்சக் கூலி தர வேண்டியதில்லை. அதற்கு மேல் ஒப்பந்தம் போட்டால் நான்காவது மாதத்திலிருந்து என்றில்லை, முதல் நாளிலிருந்தே தர வேண்டும். 2015-இல் 8.50 யூரோவில் தொடங்கிய அந்தக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. மேற்கு ஜெர்மனியின் உலோகத் தொழிலில் 1995-இலேயே வந்துவிட்ட 35 மணி நேர வாரத்தை வைத்துப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 2,100 யூரோ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செமஸ்டர் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டும் விருப்ப இன்டர்ன்ஷிப்பை காப்பீட்டுச் சட்டம் சாதாரண வேலையாகவே பார்க்கிறது. சம்பளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தத்தில் போகும்.

அடுத்து நாள் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120. ஆறு மாத விருப்ப இன்டர்ன்ஷிப் என்பது 26 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 130 நாள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடித்தால் அந்த ஆண்டுக்கு மிச்சம் பத்தே நாள். அதற்கு மேல் டிசம்பர் வரை கைச்செலவுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேறு வேலை பார்க்க வழியில்லை. அதே இன்டர்ன்ஷிப்பை அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடித்தால், கணக்கு காலண்டர் ஆண்டுப்படி என்பதால், ஓராண்டில் சுமார் 65 நாள், அடுத்த ஆண்டில் 65 நாள் என்று பிரிந்துவிடும். தொடக்க மாதத்தை மாற்றுவதால் மட்டுமே கிடைக்கிற வசதி இது. வேலைக்கு எடுப்பவர் யாராக இருந்தாலும், தேதியைப் பற்றிப் பேச இடமிருந்தால் கேட்டுவிட வேண்டும்.

வெர்க்ஷ்டுடென்ட் வேலைக்குத் தனி மவுசு உண்டு. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை வேலை, ஓய்வூதியத்துக்கான 9.3 சதவீதம் தவிர வேறு காப்பீட்டுப் பிடித்தம் இல்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று ஒரே துறையில் இருக்கலாம். மாதச் செலவை ஈடுகட்ட இதைவிட நல்ல வழி மாணவருக்கு இல்லை.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு? இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டரை நாள் வருகிறவரிடம் எந்த மேலாளரும் உற்பத்தி வரிசையில் நடக்கும் சோதனையை முழுதாக ஒப்படைக்க மாட்டார். சோதனைத் தரவைச் சீர்செய்வது, எக்செல் அறிக்கை, ஆவணப் பராமரிப்பு போன்ற வேலைகளே அதிகம் வந்து சேரும். இயந்திரம் நின்றுபோனது செவ்வாய்க்கிழமை, மாணவர் வருவது வியாழக்கிழமை என்றால், அது ஏன் நின்றது என்று தேடும் வேலை அவர் வருவதற்குள் முடிந்திருக்கும். இன்னொரு தடை ஊர். பல்கலைக்கழகமும் ஆலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஸ்டுட்கார்ட், மியூனிக், எர்லாங்கன்-நூரம்பெர்க், ஹாம்பர்க் போன்ற இடங்களில்தான் இது நடைமுறைக்கு வரும்.

தீசிஸ் வேறு வகை. மாஸ்டர்ஸ் தீசிஸுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். தலைப்பு கம்பெனியிடமிருந்து, மதிப்பெண் பேராசிரியரிடமிருந்து. இருவருக்கும் தேவை வேறு. இந்த வார்ப்பில் வரும் குறை நின்றால் போதும் என்பார் கம்பெனியின் வழிகாட்டி. ஏன் நின்றது என்று முறைப்படி நிறுவு என்பார் பேராசிரியர். இரண்டுக்கும் நடுவில் மாணவர் நசுங்காமல் இருக்க ஒரே வழி, கம்பெனியிடம் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே பேராசிரியரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுவது. தரவை வெளியிடத் தடை போடும் ரகசிய ஒப்பந்தத்தையும் அவர் பார்த்திருக்க வேண்டும். சில பேராசிரியர்கள் கம்பெனி தீசிஸை ஏற்பதே இல்லை. பின்னால் பிஎச்டி பண்ண நினைப்பவருக்கு, வெளியிட முடியாத தீசிஸ் உதவாது. அவர் பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே செய்வது நல்லது.

ஒப்பந்த வகையைத் தேர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி ஆலையா, தலைமையகமா என்பது. பெரும்பாலான மாணவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஊர்ப்பெயர். பி.எம்.டபிள்யூ என்றால் மியூனிக்கின் நான்கு உருளைக் கோபுரம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் ஐரோப்பிய ஆலைகளில் மிகப் பெரியது, மியூனிக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில் இருக்கிறது. சீமென்ஸின் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் ஆலை 1989 முதல் ஆம்பெர்கில் இயங்குகிறது. ஆலைத் தானியக்கம் பற்றிப் படித்த ஒவ்வொருவரும் கேள்விப்பட்ட இடம் அது. அங்கே உருவாகும் கருவிகளைக் கொண்டே அங்குள்ள உற்பத்தி வரிசையும் இயங்குகிறது. லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப் வளாகம் சுமார் 10 சதுர கிலோமீட்டர். ஓர் ஆலையின் கழிவு வெப்பமும் உபபொருளும் அடுத்த ஆலைக்குக் குழாய் வழியே போகும் அமைப்பை நேரில் பார்க்காத கெமிக்கல் இன்ஜினியர், அதைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் அளவு பிடிபடாது. ஸிண்டல்ஃபிங்கனில் மெர்சிடிஸ் 2020-இல் திறந்த ‘ஃபாக்டரி 56’, ஹாம்பர்கின் ஃபிங்கன்வெர்டரில் ஏர்பஸ் ஏ320 இறுதிப் பொருத்தல் வரிசை என்று பட்டியல் நீளும்.

தலைமையகத்தில் ஆறு மாதம் இருந்தவர் கூட்டங்களையும் ஸ்லைடுகளையும் நன்றாக அறிவார். ஆலையில் இருந்தவருக்கோ ஒரு பாகம் ஏன் நிராகரிக்கப்படுகிறது, ஷிஃப்ட் மாறும்போது எந்தத் தகவல் தொலைகிறது, ஒரு அச்சை மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்பது தெரிந்திருக்கும். உற்பத்தி, இயந்திரம், மெட்டலர்ஜி படித்தவர்களுக்கு முதல் இன்டர்ன்ஷிப் ஆலையில்தான் அமைய வேண்டும். சிறிய ஊரில் வாடகையும் குறைவு. மென்பொருள், சிமுலேஷன் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது.

ஆலைக்கு ஒரு விலை உண்டு: ஜெர்மன் மொழி. சிமுலேஷன் துறையில் ஆங்கிலத்தால் சமாளிக்கலாம். காலை ஆறு மணி ஷிஃப்டில், மைஸ்டர் எனப்படும் பல ஆண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளர், தன் வரிசையில் எங்கே அதிர்வு வருகிறது என்பதை ஜெர்மனில்தான் சொல்வார். பெரும்பாலும் வட்டார வழக்கில் சொல்வார். பாதுகாப்புப் பயிற்சியும் எச்சரிக்கைப் பலகைகளும் அதே மொழியில்தான். பி1 நிலை குறைந்தபட்சம், பி2 இருந்தால் நிம்மதி. இதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் மூன்றாவது செமஸ்டரில் திண்டாடுகிறார்கள். சென்னை நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பு நடக்கிறது. சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே ஏ2 முடித்துவிட முடியும்.

கால நிலவரமும் மாறியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு செய்தது. வாகன உதிரிபாகங்கள் செய்யும் இசட்.எஃப் 2028-க்குள் 14,000 வரை குறைப்பதாக அறிவித்தது. போஷ் 2025 செப்டம்பரில் வாகனப் பிரிவில் மேலும் 13,000 வேலைகளைக் குறிவைத்தது. இப்படிப்பட்ட காலத்தில் வாகனத் துறைக்கு மட்டும் நூறு விண்ணப்பம் அனுப்புவது சரியான உத்தி இல்லை. மின்மாற்றி, விசையாழி செய்யும் சீமென்ஸ் எனர்ஜி, விமானம் கட்டும் ஏர்பஸ் போன்றவற்றின் கையில் ஆர்டர் குவிந்திருக்கிறது. காரில் கற்ற தரக்கட்டுப்பாடும் வெல்டிங்கும் அங்கேயும் வேலைக்கு ஆகும்.

இத்தனையையும் எடைபோட்டால் வரிசை இப்படி அமைகிறது. படிப்பில் கட்டாய இன்டர்ன்ஷிப் இருந்தால் அதை வீணடிக்காமல் ஒரு ஆலையில் முழுநேரமாகச் செய்வது, பிறகு அதே கம்பெனியில், முடிந்தால் அதே துறையில், தீசிஸ். ஆறு மாதம் பார்த்த இயந்திரத்தைப் பற்றி எழுதும் தீசிஸுக்கு அறிமுகத்துக்கான முதல் இரண்டு மாதம் மிச்சமாகும். கட்டாயம் இல்லாத படிப்பு என்றால், மூன்று மாதத்துக்குள் அடங்கும் விருப்ப இன்டர்ன்ஷிப்பை செமஸ்டர் விடுமுறையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நேரடியாகத் தீசிஸுக்குப் போகலாம். பணத் தேவை கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்பவர் வெர்க்ஷ்டுடென்ட் வேலையையே எடுக்கட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நேர்முகத் தேர்வில், விடுமுறை மாதங்களில் முழுநேரமாக வந்து ஒரு சோதனையை எடுத்து நடத்த முடியுமா என்று கேட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.இ. படித்துக்கொண்டே ஜெர்மன் ஆலைக்குப் போக நினைப்பவருக்கு வழி குறுகல்தான், ஆனால் இருக்கிறது. நான்கு செமஸ்டர் முடித்தவர், தன் பாடத்தோடு தொடர்புள்ள இன்டர்ன்ஷிப்புக்கு ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையின் இசைவோடு அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் செல்லலாம். 1948-இல் லண்டனில் தொடங்கிய ஐயெஸ்டே அமைப்பு, பல நாடுகளுக்கிடையே தொழில்நுட்ப மாணவர்களின் பயிற்சி இடங்களைப் பரிமாறிக்கொள்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி-யின் வைஸ் உதவித்தொகையைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்களுக்கானது. ஓரகடத்தில் டைம்லர் டிரக் ஆலையும் மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலையும் நம்மூர்ப் பக்கத்திலேயே இருப்பதையும் கணக்கில் எடுக்கலாம். அங்கே ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் செய்தவரின் விண்ணப்பம், ஜெர்மனியில் அதே குழுமத்துக்குப் போகும்போது அறிமுகமான முகத்தோடு போகிறது.

எந்த வாசல் வழியே போனாலும், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பணிச்சான்றைக் கேட்டுவிட வேண்டும். ஜெர்மனியில் ட்ஸொய்க்னிஸ் எனப்படும் அந்தக் கடிதத்தை அடுத்த வேலை தருபவர் வரிக்கு வரி படிப்பார். எங்கள் முழு திருப்திக்கேற்ப வேலை செய்தார் என்று எழுதியிருந்தால் அது நடுத்தர மதிப்பீடு. அதே வரியில் ‘எப்போதும்’ என்ற சொல் சேர்ந்தால் நன்று என்று பொருள். மனிதவளத் துறை வரைவை அனுப்பியதும் ஜெர்மன் நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டி, குறை இருந்தால் கையெழுத்தாகும் முன்பே திருத்தம் கேட்பது அங்கே சாதாரண நடைமுறை. செய்த வேலைகள் ஒவ்வொன்றும் அதில் இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.