அரசி அட்டோசா

நம் நாட்டுக்கு மேற்கே ஈரான் என்ற நாடு உள்ளது. பழைய காலத்தில் அதைப் பாரசீகம் என்று அழைத்தார்கள். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகம் ஒரு பெரிய பேரரசாக இருந்தது. கிழக்கே சிந்து நதி முதல் மேற்கே எகிப்து வரை அது பரவி இருந்தது. அந்தப் பேரரசின் அரசிகளில் ஒருவர் அட்டோசா. அவருடைய கதையைப் படிப்போம்.

இந்தப் பாடத்தில் கி.மு. என்று வரும். கிறிஸ்து பிறப்பதற்கு முன் என்பது அதன் பொருள். கி.மு. ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். அதாவது, கி.மு. 530 முதலில் வரும். கி.மு. 522 பிறகு வரும்.

அரசரின் மகள்

அட்டோசாவின் தந்தை பெயர் சைரஸ். பாரசீகப் பேரரசை உருவாக்கியவர் அவர்தான். கி.மு. 530இல் சைரஸ் இறந்தார். அவருடைய மகன் காம்பைசிஸ் அரசர் ஆனார். அவர் அட்டோசாவை மணந்துகொண்டார். அட்டோசா அவருக்குச் சகோதரி முறை. ஆனாலும் மணந்துகொண்டார்.

கி.மு. 522இல் காம்பைசிசும் இறந்தார். அப்போது வேறு ஒருவர் அரியணையில் இருந்தார். "நான் சைரசின் இளைய மகன்" என்று அவர் சொன்னார். அட்டோசாவை அவரும் மனைவி ஆக்கிக்கொண்டார். சில மாதங்களில் ஏழு பிரபுக்கள் ஒன்று சேர்ந்து அவரைக் கொன்றார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் டேரியஸ். அவர் அரசர் ஆனார். அவரும் அட்டோசாவை மணந்துகொண்டார்.

ஏன் இப்படி? டேரியஸ் சைரசின் மகன் அல்ல. "அரியணையில் உட்கார உனக்கு என்ன உரிமை?" என்று யாராவது கேட்கலாம். சைரசின் மகளை மணந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அரியணை யாரிடம் போனதோ, அட்டோசாவும் அவரிடம் போனார்.

ஆனால் டேரியசின் அரண்மனையில் அட்டோசாவின் நிலை உயர்ந்தது. அவருக்கு நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவர் பெயர் செர்க்சிஸ். அட்டோசாவின் சொல்லுக்கு அரசவையில் மதிப்பு இருந்தது.

மறைத்து வைத்த நோய்

கிரேக்க நாட்டில் ஹெரோடோட்டஸ் என்ற வரலாற்று ஆசிரியர் இருந்தார். அட்டோசாவின் காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் இந்தச் செய்தி வருகிறது.

அட்டோசாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. முதலில் அது சிறியதாக இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கப்பட்டு மறைத்து வைத்தார். நாள் ஆக ஆகக் கட்டி பெரிதானது. பிறகு உடைந்தது. புண் பரவியது.

அரசவையில் எல்லாவற்றையும் துணிந்து பேசக்கூடியவர் அட்டோசா. ஆனால் தன் உடம்பில் வந்த நோயைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை!

கடைசியில் மருத்துவரை அழைத்தார். அவர் பெயர் டெமோசீடஸ். அவர் கிரேக்கர். கைதியாக அங்கே வந்தவர். முன்பு டேரியசின் கால் பிசகியபோது குணப்படுத்தியவர் அவர்தான். "நான் குணப்படுத்துகிறேன். நான் கேட்பதை நீங்கள் செய்ய வேண்டும். தவறாக எதையும் கேட்க மாட்டேன்" என்றார் மருத்துவர். அரசியும் வாக்குக் கொடுத்தார். நோய் குணமானது.

மருத்துவருக்குச் சொந்த ஊர் போக ஆசை. அதனால் ஒரு வழி செய்யச் சொன்னார். அதன்படி அட்டோசா டேரியசிடம் பேசினார். "கிரேக்க நாட்டின் மீது படை எடுங்கள். இந்த மருத்துவர் உங்களுக்கு அந்த நாட்டைப் பற்றிச் சொல்வார்" என்றார். டேரியஸ் சில ஆட்களோடு மருத்துவரை அனுப்பினார். மருத்துவர் தப்பித்துத் தன் ஊர் போய்ச் சேர்ந்தார்.

கிரேக்கப் போருக்கு அரசியின் பேச்சுதான் காரணமா? இல்லை என்றே வரலாற்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கி.மு. 499இல் பேரரசுக்குள் வாழ்ந்த கிரேக்கர்கள் கலகம் செய்தார்கள். ஏதென்ஸ் நகரம் அவர்களுக்கு உதவியது. போருக்கு இது முக்கியமான காரணம். ஆண்கள் நடத்திய போருக்கு ஒரு பெண்ணின் மேல் பழி போடுவது பழைய வழக்கம்.

அடுத்த அரசர் யார்?

டேரியசுக்கு வேறு மனைவியிடமும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் செர்க்சிசைவிட மூத்தவர். "நானே மூத்த மகன். எனக்கே ஆட்சி" என்றார் அவர். "நான் சைரசின் பேரன். எனக்கே ஆட்சி" என்றார் செர்க்சிஸ். டேரியஸ் செர்க்சிசைத் தேர்ந்தெடுத்தார். அட்டோசாவின் செல்வாக்கே இதற்குக் காரணம் என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். கி.மு. 486இல் டேரியஸ் இறந்தார். செர்க்சிஸ் அரசர் ஆனார். அட்டோசா அரசரின் தாய் ஆனார்.

மண் பலகைகள் சொல்லும் செய்தி

பெர்செபோலிஸ் என்பது டேரியஸ் கட்டிய நகரம். கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை அதைப் பிடித்தது. அரண்மனை தீக்கு இரையானது. 1933இல் அங்கே அகழாய்வு செய்தவர்கள் ஆயிரக்கணக்கான சிறிய மண் பலகைகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் டேரியஸ் காலத்துக் கணக்குகள் இருந்தன.

அட்டோசாவின் தங்கை பெயர் இர்தஷ்துனா. அவரும் டேரியசின் மனைவிதான். அவருக்கு 100 ஆடுகளும் சுமார் 2,000 லிட்டர் திராட்சை மதுவும் கொடுக்கும்படி டேரியஸ் ஆணை இட்டார். அது பலகையில் உள்ளது. இர்தஷ்துனாவுக்குச் சொந்த நிலங்கள் இருந்தன. சொந்த முத்திரை இருந்தது. அதை வைத்துத் தன் அதிகாரிகளுக்கு ஆணை அனுப்பினார். அட்டோசாவின் பெயரும் சில பலகைகளில் இருப்பதை அண்மைக் காலத்தில் அறிஞர்கள் கண்டறிந்தார்கள்.

உழைக்கும் பெண்களின் கணக்கும் அவற்றில் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கூடுதல் தானியம் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை என்றால் முழுப் பங்கு. பெண் பிள்ளை என்றால் பாதிப் பங்கு! அரசிக்குச் செல்வாக்கு இருந்த நாட்டிலும் பெண் குழந்தைக்குப் பாதிதான்.

அறிந்துகொள்வோம்

அட்டோசா செய்த தவறை நாம் செய்யக் கூடாது. மார்பில் கட்டி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக இருந்தாலும், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். நோயைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

சொல்லும் பொருளும்

அரியணை – அரசர் உட்காரும் இருக்கை
செல்வாக்கு – பிறர் நம் சொல்லைக் கேட்கும் நிலை
முத்திரை – அடையாளம் பதிக்கும் அச்சு
அகழாய்வு – மண்ணைத் தோண்டிப் பழம்பொருள்களை ஆராய்வது

விடை எழுதுங்கள்

1. அட்டோசாவின் தந்தை யார்?
2. டேரியஸ் ஏன் அட்டோசாவை மணந்துகொண்டார்?
3. மண் பலகைகள் எந்த நகரத்தில் கிடைத்தன?

கலந்து பேசுங்கள்

1. பெண்கள் தங்கள் நோயை மறைப்பது ஏன்? வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும்?
2. ஆண் பிள்ளைக்கு முழுப் பங்கு, பெண் பிள்ளைக்குப் பாதிப் பங்கு. இந்த வேறுபாடு உங்கள் ஊரில் இன்றும் உண்டா?