வானொலி மாணவருக்கு ஏற்ற வட்ட ஸ்லைடு ரூல்

பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்து, தாமே ஒன்றைக் கட்டி ஒலிக்கச் செய்ய வேண்டும் என்ற ஆசை இளைஞர் சிலரிடையே மறுபடியும் தலையெடுத்திருப்பதும், அந்த ஆசையோடு கூடவே, கால்குலேட்டர் வருவதற்கு முன் எஞ்சினியர்கள் கையாண்ட கணக்குக் கருவிகளைத் தேடி வாங்கும் பழக்கம் அவர்களிடம் உண்டாகியிருப்பதும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தரும் விஷயங்களே. ஆனால், என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் வாங்கி வருகிற வட்ட ஸ்லைடு ரூல்களைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிடுகிறது. சிநேகிதன் வைத்திருக்கிறான் என்பதற்காக ஒருவன் வாங்குகிறான். விலை ஏற ஏறக் குணமும் ஏறும் என்று நம்புகிற தகப்பனார் இன்னொருவனுக்கு வாங்கித் தருகிறார். இதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கைப் போடப்போகிறோம் என்ற கேள்வி இருவர் மனத்திலும் எழுவதில்லை.

நேர்க்கோட்டு ஸ்லைடு ரூலைப் பற்றி இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. அது எல்லோரும் அறிந்தது, நல்லது, வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வட்ட வடிவமும் நேற்று வந்த புதுமையன்று. இங்கிலாந்தில் வில்லியம் ஆட்ரெட் 1632-லேயே அதைப் பற்றி நூல் வெளியிட்டுவிட்டார். அதற்கு இயல்பாக அமைந்த அனுகூலங்கள் இரண்டு. 8 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்தின் சுற்றளவு 25 செ.மீ. ஆகையால், மேஜையில் நீட்டி வைக்கும் பத்து அங்குலக் கோலின் நுட்பம் உள்ளங்கையளவான தட்டிலேயே அடங்கிவிடுகிறது. அன்றியும், வட்டத்துக்கு முனை இல்லாததால், விடை கோலின் விளிம்பைத் தாண்டி ஓடுவதும், அதைப் பிடிக்க நழுவுசட்டத்தை மறுபக்கம் இழுப்பதுமான தொல்லை இதில் கிடையாது. பிரதிகூலமும் ஒன்று உண்டு: உள்ளே போகப் போக வட்டங்கள் சிறுத்து, கோடுகள் நெருங்கிக் கண்ணைச் சோதிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வானொலி மாணவன் போடும் கணக்குகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். ஓம் விதிக்குரிய பெருக்கலும் வகுத்தலும் ஒன்று. இதற்கு எந்தக் கருவியும் போதும். இணையாகப் பூட்டிய ரெஸிஸ்டர்களின் கணக்கு இரண்டாவது. இதற்குத் தலைகீழ் எண்கள் வேண்டும், அவற்றை ஒரே பார்வையில் தருவது சி.ஐ. என்ற வட்டம். மூன்றாவதே வானொலியின் உயிர்நிலை: சுருளும் கண்டென்சரும் எந்த அதிர்வெண்ணில் ஒத்திசையும் என்ற கணக்கு. சுருளை மைக்ரோஹென்ரியிலும், கண்டென்சரைப் பிக்கோஃபாரடிலும், அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸிலும் கொண்டால், 25,330-ஐ அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுக்க, சுருள், கண்டென்சர் இரண்டின் பெருக்கற்பலன் கிடைக்கும். சூப்பர்ஹெட் ரேடியோவின் இடைநிலை அதிர்வெண்ணாகிய 455 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 1,22,350. இதற்கு வர்க்க வட்டமாகிய ஏ அவசியம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இன்று மாணவர்களை மயக்குவது பாக்கெட் கடிகாரம் போல் செய்த ஸ்லைடு ரூல். மான்செஸ்டரில் ஃபவுலர் கம்பெனியார் செய்தவையும், சோவியத் நாட்டில் தயாரான கே.எல்.-1 என்பதும் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. உலோகக் கூடு, கண்ணாடி முகப்பு, மெல்லிய முள், திருகு குமிழ் ஆகிய யாவும் அழகானவை. செய்நேர்த்தியும் மறுக்க முடியாதது. சட்டைப்பையிலிருந்து எடுத்தால் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று கேட்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முகப்பின் குறுக்களவு 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் சுற்றளவு பன்னிரண்டரை செ.மீ. தான், அதாவது, பத்து அங்குலக் கோலின் நுட்பத்தில் சரிபாதி. கே.எல்.-1-ல் வர்க்க வட்டம் அதற்கும் உள்ளே, ஒரே சுற்றில் ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து நூறு என்று இரண்டு பகுதிகளாக மடங்கிக் கிடக்கிறது. அந்த வட்டம் 3 செ.மீ. குறுக்களவு உடையதானால், ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் கிடைக்கும் இடம் ஐந்து செ.மீ.கூட இல்லை. ஒத்திசைவுக் கணக்கு முழுவதும் நம்பியிருப்பது அந்தப் பொட்டலத்துக்குள் அடைபட்ட கோடுகளைத்தான். சி.ஐ. வட்டம் அதில் இல்லவே இல்லை.

இதைக்கூட மன்னிக்கலாம், நல்ல கண் உள்ளவன் சமாளிப்பான். மன்னிக்க முடியாத குறை வேறொன்று. அந்தக் கருவியில் பெருக்குவதற்கு, முதல் எண்ணைக் குறிக்கு நேரே கொண்டுவந்து, முள்ளை ஒன்றின் மேல் நிறுத்தி, பிறகு இரண்டாம் எண் முள்ளின் அடியில் வரும்படி முகப்பைத் திருப்பி, குறிக்கு நேரே உள்ள விடையைப் படிக்க வேண்டும். விடை ஒன்றே ஒன்று வரும். வந்ததும் கணக்கு மறைந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரு தட்டுகளைக் கொண்ட கருவியிலோ, ஒரு முறை பொருத்தியவுடன் சுற்றிலும் உள்ள அத்தனை எண்களும் அதே விகிதத்தில் நேருக்கு நேர் நிற்கின்றன. மேலே சொன்ன 1,22,350-ஐ, டி என்ற எண் வட்டத்திலும் சி.ஐ. வட்டத்திலும் பொருத்திப் பாருங்கள்: 100 பிக்கோஃபாரடுக்கு எதிரே 1,220 மைக்ரோஹென்ரி, 150-க்கு எதிரே 816, 200-க்கு எதிரே 612. கண்டென்சரை ஏற்றினால் சுருள் எப்படி இறங்க வேண்டும் என்ற உண்மை, தட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டும் மாணவனுக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. என்னிடம் படித்தவர்களில் வானொலி வசப்பட்டவர்கள் அநேகமாக இப்படித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களே. நானும் பிளாஸ்டிக் தட்டில் பழகினவன். என் பக்ஷபாதத்தை வாசகர் கழித்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் சிபாரிசு செய்வது, ஜப்பானின் கன்ஸைஸ் கம்பெனி செய்ததுபோன்ற இரு தட்டுக் கருவி. பெருக்கல் வகுத்தலுக்குரிய சி, டி வட்டங்கள், அவற்றோடு சி.ஐ., ஏ ஆகிய நான்கும் இருந்தால் போதும். அமெரிக்காவில் கில்சன் கம்பெனியார் செய்த அட்லஸ் என்ற பெரிய தட்டு, மடக்கை அளவுகோலைச் சுருள் வழியாக 25 சுற்றுச் சுற்றி, நான்கு ஐந்து இலக்கம் வரை விடை தருவது, அற்புதமான வேலைதான். ஆனால் வெள்ளிப் பட்டை போட்ட ரெஸிஸ்டர் நூற்றுக்குப் பத்து ஏறியும் இறங்கியும் இருக்கலாம் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்போது, ஐந்தாம் இலக்கத்தைத் தேடுவது எதற்கு? அமெரிக்க அமெச்சூர் ரேடியோச் சங்கமாகிய ஏ.ஆர்.ஆர்.எல். விற்ற 'லைட்னிங் கால்குலேட்டர்' முதலிய அட்டைச் சக்கரங்கள் வேறு வகை. அவற்றில் சூத்திரமே அச்சாகியிருப்பதால் யோசனை தேவையில்லை. சுருள் சுற்றும் கணக்குக்கு மட்டும் அவை நல்ல உபகாரம். சுருளுக்காக வீலர் என்பவர் 1928-ல் தந்த சூத்திரத்தைச் சாதாரணத் தட்டில் போட்டால் கை சலித்துவிடும். ஆனால் அட்டைச் சக்கரமே முதல் கருவியாக இருக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் ஒரு சிரமம் உண்டு: தசமப் புள்ளி எங்கே விழும் என்பதை எந்த ஸ்லைடு ரூலும் சொல்லாது. 612 மைக்ரோஹென்ரியா, 61.2 மைக்ரோஹென்ரியா என்பதை மனத்தால் உத்தேசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த உத்தேசம் ஒரு வாரத்தில் வருவதல்ல. 1972-ல் ஹியூலட்-பக்கார்டின் ஹெச்.பி.-35 வந்து, சில வருஷங்களுக்குள் ஸ்லைடு ரூல் கம்பெனிகள் பெரும்பாலும் கடையைக் கட்டியதற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம். தினமும் கொஞ்ச நேரம் நிதானமாக அப்பியாசம் செய்கிற சுபாவம் உள்ளவனுக்கே இந்தக் கருவி பலன் தரும். அந்தச் சுபாவம் இல்லாதவன் மட்டமானவன் என்று அர்த்தமில்லை. சாலிடரிங் இரும்பைப் பிடித்த மாத்திரத்தில் கை பேசுகிறவர்களும், இரைச்சலைக் காதால் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. அவரவர்க்கு வாய்த்த வழியில் அவரவரைப் போகவிட வேண்டுமேயன்றி, அடுத்த வீட்டுப் பிள்ளை வைத்திருக்கும் கருவியை நம் வீட்டுப் பிள்ளையின் கையில் திணிப்பது தகாது.

நேரில் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். சி வட்டத்தின் 1-ஐ டி வட்டத்தின் 2-க்கு நேரே வைத்து, 2-க்கு 4, 3-க்கு 6, 4-க்கு 8 என்று முழுச் சுற்றும் பார்த்து வாருங்கள். ஒரு பக்கம் சரியாகவும் எதிர்ப்பக்கம் விலகியும் இருந்தால், நடு ஆணி மையத்தில் இல்லை, அந்தத் தட்டு வேண்டாம். இந்தச் சோதனையைத் தகப்பனார்கள் தாமே செய்யாமல் பிள்ளையின் கையில் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டுகிறேன். இரண்டு முறை சுழற்றியதும் அலுத்துப்போய் அவன் கீழே வைத்துவிட்டால், பணத்தைக் கொடுக்காமல் அவனை அழைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.