பிறந்தநாள் + யூனிஃபார்ம் = முகவரி

வீட்டுல ஏழாவது, எட்டாவது படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருக்காங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "போன் நம்பர் போடாதே, அட்ரஸ் போடாதே" என்று எல்லாரும் சொல்லிட்டாங்க, அவங்களும் போடுறதில்லை. ஆனாலும் அவங்க யார், எங்கே இருக்காங்க என்பது வெளியே தெரிகிறது. எப்படி? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

26 பிட் போதும்

ஒரு தகவல் கூட்டத்தைச் சரிபாதியாகக் குறைத்தால் அது 1 பிட். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. 2-இன் 26-ஆம் அடுக்கு சுமார் 6.7 கோடி. அதாவது, 26 பிட் தகவல் கிடைத்தால் மொத்த மாநிலத்திலிருந்து ஒருவரைக் கிட்டத்தட்டத் தனியாக எடுத்துவிடலாம்.

1,500 பேர் படிக்கிற ஒரு பள்ளியை எடுத்துக்குவோம்.

1. பேட்ஜ் தெரிகிற யூனிஃபார்ம் போட்டோ: 7.2 கோடி பேர் 1,500 ஆகிறார்கள். 15.5 பிட் போச்சு.
2. "இன்னைக்கு என் பர்த்டே" ஸ்டோரி: 1,500-ஐ 365-ஆல் வகுத்தால் மிச்சம் 4 பேர். இது 8.5 பிட்.
3. பயோவில் "8-பி கேங்": அந்த 4 பேரில் ஒருவர். இன்னும் 2 பிட்.

மொத்தம் 26. மூணுமே தனித்தனியாப் பார்த்தா சாதாரண விஷயம். சேர்த்தா ஒரே ஒரு பிள்ளை. பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்பது ஊருக்கே தெரியும்; அப்புறம் முகவரி எதுக்கு?

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க ஜிப் கோடு, இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று லடான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார்.

போட்டோவுக்குள்ளே இருப்பது

கேமராவில் லொகேஷன் ஆன்ல இருந்தா, அட்சரேகையும் தீர்க்கரேகையும் எக்ஸிஃப் தகவலாக போட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது நீங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். ஒரே படம், அனுப்புற வழிதான் வேற.

சட்டம் என்ன சொல்லுது?

நம்ம நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. ஆனால் கணக்கு தொடங்கும்போது பிள்ளை பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டா? 2024-இல் இன்ஸ்டாகிராம் அறிவித்த டீன் அக்கவுண்ட் தானாகவே பிரைவேட் ஆக இருக்கும். வயசைக் கூட்டிச் சொன்ன பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

நாம என்ன செய்யலாம்?

மிரட்டல் வந்தால் பல பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. காரணம் எளிது: சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க. மிரட்டுறவனுக்கும் அது தெரியும். அந்த மௌனம்தான் அவனோட மூலதனம். அப்பா அம்மாகிட்ட சொல்லப் பயப்படுற விஷயத்தை அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ சொல்ல முடியணும். "எது நடந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன், போனையும் வாங்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்க.

பிரச்சினை வந்துவிட்டால்: காசு கொடுக்கக் கூடாது. சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. அந்தரங்கப் படம் பரவும் பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' சேவை இருக்கு. படம் போனை விட்டு வெளியே போகாது; அதன் ஹாஷ் மட்டும் போகும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் படித்த ஹாஷ் யோசனையின் இன்னொரு வடிவம்தான்!

இந்த லீவுக்கு ஒரு அசைன்மெண்ட்: தம்பி தங்கச்சியை உட்கார வைத்து, அவங்க புரொஃபைலை ஒரு அந்நியன் மாதிரி பார்த்து, எத்தனை பிட் கிடைக்குதுன்னு அவங்களையே எண்ணச் சொல்லுங்க. அறிவுரையை விட அந்த எண்ணிக்கை நல்லா மனசுல நிக்கும்.