உச்சம் மட்டும் போதாது

நாகலாபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

மாறுமின்னழுத்தம் அளக்க நீ எழுதிய நிரலைப் படித்தேன். ஒரு சுற்றின் உச்சத்தைப் பிடித்து 1.414-ஆல் வகுத்துவிட்டு, அதற்கு ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று பெயர் வைத்திருக்கிறாய். அந்தப் பெயர்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வகுத்தல் சைன் அலைக்கு மட்டுமே செல்லும். கரண்ட் போனதும் வீட்டில் ஓடும் மலிவு இன்வெர்ட்டர் சதுர அலையையே தருகிறது. அதில் உச்சமும் ஆர்.எம்.எஸ்.ஸும் ஒன்று. 230 வோல்ட்டை உன் கருவி 163 என்று காட்டும், சராசரியை 1.11-ஆல் பெருக்கும் சாதாரண மல்டிமீட்டர் 255 என்று காட்டும்.

இதைவிட நல்ல சாட்சி டிம்மர். மின்தடைக் கம்பி ஒன்றுக்கு ஒவ்வொரு அரை அலையிலும் முன்பாதியை வெட்டிக் கொடுப்பதாக வைத்துக்கொள். உச்சம் அப்படியே 325 என்பதால் உன் நிரல் 230 என்று சாதிக்கும். சாதாரண மீட்டர் 115 என்னும். கம்பியின் வெப்பமோ சரிபாதிதான் குறைந்திருக்கிறது. 115 உண்மையானால் அது கால்பாகம் ஆகியிருக்க வேண்டும்; 230 உண்மையானால் குறைந்திருக்கவே கூடாது. வெப்பத்தோடு ஒத்துப்போகும் எண் 163 ஒன்றுதான். ஆர்.எம்.எஸ். என்ற அளவே வெப்பத்துக்காகப் பிறந்தது, தீர்ப்பும் அதனுடையதே. ‘கம்பத்து லைன் சைன்தானே, அதற்கு உச்சம் போதாதா’ என்பாய். எல்.இ.டி. பல்புகளும் சார்ஜர்களும் உச்சத்தருகேதான் மின்னோட்டத்தை இழுக்கின்றன. லைனின் முகடு தட்டையாகிறது. போதாக்குறைக்கு, ஒரேயொரு இரைச்சல் துள்ளல் வந்தாலும் அதுவே உன் உச்சமாகிவிடும். உண்மையான ஆர்.எம்.எஸ். முறையில், நூற்றுக்கணக்கான மாதிரிகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காணும்போது அந்தத் துள்ளலுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை.

உன் ஆர்டுயினோ ஊனோ பலகையில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி. ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 104 மைக்ரோ விநாடி எடுக்கும். 50 ஹெர்ட்ஸ் சுற்றுக்கு 190 மாதிரி கிடைக்கும், தாராளம். பத்து முழுச் சுற்றுகள், அதாவது 200 மில்லி விநாடி, எடு. அரைகுறைச் சுற்றில் நிறுத்தினால் எண் ஆடும். நடுக்கோடு 512 என்று எழுதிவைக்காதே, அது நகரும். மாதிரிகளின் சராசரியையே கழி. இன்னொன்று, ஊனோவில் ‘இன்ட்’ 16 பிட். 181-இன் வர்க்கம் 32761, அடங்கும். 182-ஐ வர்க்கப்படுத்தினால் வழிந்து எதிர்க்குறியாகும். பெருக்குவதற்கு முன்பே ‘லாங்’ ஆக்கிவிடு. அளவுத்திருத்தத்தை ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரை வைத்தே செய். லைனை நேரே ஏ.டி.சி. காலுக்குக் கொண்டுபோகாதே, தனிமைப்படுத்தும் சிறு மின்மாற்றி வழியாக மட்டுமே எடு. இதில் மட்டும் அவசரப்படாதே, தம்பி.