புள்ளி ஏன் நகர்கிறது? தசம வகுத்தல் பயிற்சி

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தயங்கும் கணக்குகளுள் தசம எண்களின் வகுத்தலும் ஒன்று. கூட்டலிலும் கழித்தலிலும் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்தால் போதும். வகுத்தலிலோ புள்ளி நகர்கிறது. ஏன் நகர்கிறது என்று சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்விப்பதே குழப்பத்திற்குக் காரணம் என்பது நம் கருத்து. எல்லா இல்லங்களிலும் பேசப்படும் தங்கத்தைக் கொண்டே இதனைப் பார்ப்போம்.

6.4 கிராம் தங்கத்தின் விலை 36,800 ரூபாய் எனக் கொள்வோம். (கணக்கின் எளிமைக்காகக் கொண்ட விலை, இன்றைய விலையன்று.) ஒரு கிராம் என்ன விலை? 36,800 ÷ 6.4 என்று எழுதுகிறோம். 6.4 கிராமுக்கு 36,800 ரூபாய் எனில், பத்து மடங்கான 64 கிராமுக்கு 3,68,000 ரூபாய். எடையும் தொகையும் சேர்ந்தே பெருகியதால் ஒரு கிராமின் விலை மாறவில்லை. எனவே 3,68,000 ÷ 64 = 5,750. புள்ளி நகர்வதன் பொருள் இவ்வளவே. வகுக்கும் எண்ணில் மட்டும் புள்ளியை நீக்கி, வகுபடும் எண்ணை அப்படியே விட்டால் 575 என்று வரும். விடை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்து, பவுன் விலை. ஒரு பவுன் 8 கிராம், ஆகவே 6.4 ÷ 8 = 0.8 பவுன். 36,800 ÷ 0.8 = 3,68,000 ÷ 8 = 46,000. வகுத்தால் எண் சிறுக்க வேண்டாமா என்று பிள்ளைகள் இங்கே கேட்பார்கள். நல்ல கேள்வி. முழுப் பவுன் கூட இல்லாத தங்கத்திற்கே 36,800 ரூபாய் எனில், முழுப் பவுனுக்கு அதைவிடக் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்றைவிடச் சிறிய எண்ணால் வகுத்தால் ஈவு பெரிதாகும்.

இன்னொரு தடுமாற்றம் பூச்சியத்தில் நேர்கிறது. 1,236.24 ரூபாயை 12 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 103.02 ரூபாய். இடையிலுள்ள பூச்சியங்களை விட்டு 13.2 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. 1,200 ரூபாயைப் பன்னிரண்டாகப் பிரித்தாலே நூறு வருமே என்று முதலில் தோராயமாகப் பார்க்கப் பழக்கினால் இப்பிழை உடனே கண்ணில் படும். கைப்பேசியில் கணக்கிடும் பெரியவர்களுக்கும் இப்பழக்கம் தேவை.

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்றிருந்த காலத்தில் இக்கணக்கு வேறு விதமாக இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவானது; 1964இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. இன்றைய பிள்ளைகள் பைசாவைக் கையில் காண்பது அரிது. எனவே புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைக் காட்ட வங்கிக் கணக்குப் புத்தகமே ஏற்றது.

பயிற்சிக்குச் சில: 202.5 ÷ 4.5, 36.18 ÷ 6, 7.2 ÷ 0.09. விடைகள் முறையே 45, 6.03, 80.

கடைசியாக, முடிவுறாத வகுத்தல். 10,000 ரூபாயை மூன்று தவணைகளாகப் பிரித்தால் 3,333.333... என 3 தொடர்ந்துகொண்டே போகும். பைசாவுக்குக் கீழே செலுத்த இயலாது; 3,333.33 என நிறுத்தினால் மூன்று தவணைகளும் சேர்ந்து 9,999.99 ரூபாய்தான். விடுபட்ட ஒரு பைசாவைக் கடைசித் தவணையில் சேர்த்து 3,333.34 என்று பெற வேண்டும். கடன் தவணைப் பட்டியல்களில் இறுதித் தொகை சற்றே வேறுபடுவதற்கு இத்தகைய முழுமையாக்கலும் ஒரு காரணம்.