பத்து லட்சம் பேரைச் சுமந்த கப்பல்

நாம் பாவா ஆதம் மலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாதமலை என்றும் சொல்லும் சிகரத்தை, மஸ்கெலியாப் பக்கத்தில் பனி விலகிய காலைகளில் தெளிவாகப் பார்க்கலாம். அந்த மலையை மனதில் வைத்து, அதன் உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி போவதாக 1979இல் நாவல் எழுதினார் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் அவர். ஆகவே விஞ்ஞானக் கதைகளில் வரும் மாபெரும் விண்கலங்களைப் பற்றிப் படிக்க நினைக்கும் மாணவி தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. அவற்றில் புகழ்பெற்ற இரண்டு, இந்த நாட்டில் வாழ்ந்தவரின் மேசையில் பிறந்தவை.

முதலில் ஒரு கேள்வி. கலம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சினிமாவில் அது பெரும்பாலும் பார்ப்பவரை வாய் பிளக்க வைப்பதற்காகத்தான். நல்ல கதைகளில் காரணம் வேறு: தூரம். 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 செக்கனுக்குச் சுமார் 17 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இதே வேகத்தில் அங்கே போக ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் வேண்டும். பயணம் ஓர் ஆயுளைவிட நீண்டுவிட்டால் கலம் வண்டியாக மட்டும் இருந்தால் போதாது, ஊராகவும் இருக்க வேண்டும்.

கிளார்க்கின் 'ராமா' (1973) அப்படி ஓர் உருளை. நீளம் 50 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையை அப்படியே உள்ளே வைத்துவிடலாம். கிரேக்க, ரோமத் தெய்வங்களின் பெயர்கள் தீர்ந்துபோனதால் விஞ்ஞானிகள் இந்துப் பெயர்களுக்கு வந்தார்கள் என்று கதை சொல்கிறது. இந்தக் கலம் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றினால் வாளி தலைகீழாகும்போதும் தண்ணீர் சிந்துவதில்லை அல்லவா? அதே விதிப்படி, சுற்றும் உருளையின் உட்சுவரே தரையாகிவிடுகிறது. மையத்திலிருந்து 8 கிலோமீற்றர் தள்ளி நிற்பவருக்குப் பூமியில் இருக்கும் எடையில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். கணக்குத் தெரிந்த மாணவிகள் போட்டுப் பார்க்கலாம். நடு அச்சில் எடையே இல்லை. அங்கிருந்து படியில் இறங்குபவருக்குப் படிக்குப் படி உடல் கனத்துக்கொண்டு வரும். இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த நாவலைப் படிக்கலாம் என்பேன்.

ராமா மனிதரைப் பொருட்படுத்தாமல் சூரியனைச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. 1986இல் வெளிவந்த இன்னொரு நாவலில் வரும் 'மகெல்லன்' மனிதர் கட்டிய கப்பல். சூரியன் வெடித்து அழிவதற்கு முன் பூமியை விட்டுப் புறப்பட்ட கடைசிக் கலம் அது. அதற்குள் ஆழ்ந்த உறைதுயிலில் பத்து லட்சம் பேர். விழித்திருப்பது சிறு மாலுமிக் கூட்டம் மட்டும். கலத்தின் முன்னால் ஒரு பனிக்கட்டிக் கேடயம். ஒளியின் வேகத்தில் ஐந்திலொரு பங்கில் போகும் கலத்தின் மீது ஒரு கிராம் தூசு மோதினாலும், அது நானூறு தொன் வெடிமருந்துக்கு ஈடாகும். தேய்ந்துபோன கேடயத்தைப் புதுப்பிக்கத்தான் மகெல்லன் வழியில் ஒரு கடல் கிரகத்தில் நிற்கிறது. அங்கே முன்பே குடியேறிய மனிதர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். அதைக் கண்ட மாலுமிகளில் சிலர் இங்கேயே தங்கிவிடுவோம் என்கிறார்கள். உறங்கும் பத்து லட்சம் பேரிடம் யாரும் கேட்க முடியாது.

உறைதுயில் இல்லாத கப்பல்களும் உண்டு. அவற்றைத் தலைமுறைக் கலங்கள் என்பார்கள். ஏறியவர்கள் வழியிலேயே இறப்பார்கள், பேரப்பிள்ளைகள் போய்ச் சேருவார்கள். ரொபர்ட் ஹைன்லைன் 1941இல் எழுதிய கதையில், உள்ளே பிறந்தவர்கள் அது கப்பல் என்பதையே மறந்துவிடுகிறார்கள். சுவர்களுக்குள் இருப்பதுதான் அவர்களுக்கு உலகம். ஓர் இளைஞன் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் முதன்முறையாக நட்சத்திரங்களைப் பார்க்கிறான்.

மலையகத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது தோட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. லயம், பிள்ளைக்காம்பரா, டிஸ்பென்சரி, ஸ்டோர், கோயில், மயானம் எல்லாம் ஒரே எல்லைக்குள். அங்கே பிறந்த பிள்ளை அந்தப் பயணத்தைத் தெரிவு செய்யவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் தெரிவு செய்தார்கள், அல்லது பஞ்சம் தெரிவு செய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். கிட்டத்தட்ட மகெல்லனின் எண்ணிக்கைதான். மகெல்லனில் இருந்தவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், கேட்க வழியில்லை. இவர்கள் விழித்திருந்தார்கள். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களையும் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் இராமேஸ்வரத்தை முன்பு பார்த்ததே இல்லை, இங்கே பிறந்தவர்கள்.

இந்தக் கதையை விண்கலத்தில் வைத்து எழுதிய தமிழ்ச் சிறுகதை ஒன்றை நான் இன்னும் படித்ததில்லை. சம்பள நாளில் நம் வாப்பாமாரின் கடைகளுக்கு வரும் தோட்டத்து முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: குடும்பத்தில் யார் போனார்கள், யார் நின்றார்கள், பெட்டியில் என்ன எடுத்துப்போனார்கள் என்று. கேடயத்தின் கனத்தையும் உருளையின் சுழற்சியையும் கணக்குப் போட விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் உதவுவார்கள். அடுத்த இதழுக்கு நான்கு பக்கம் போதும்.